ஞாயிற்றுக்கிழமைப் பாடு

என் மைத்துனரின் வலை மூங்கில் கழிகளின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் ஓடும் காலை அது. அன்று அங்கே இறங்க வேண்டியது அந்த வலைதான். அவரோ வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நாளைய உணவைக் கடவுளிடம் விட்டுவிடுவது பற்றி நான் பிரசங்கம் செய்தேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைவு.

நானும் அந்த மீனவக் குப்பத்தில் பிறந்தவன்தான். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் நடத்திய பள்ளியில் படித்தேன். அவர்கள் மொழியைக் கற்றேன். பிறகு அவர்களுடைய சபைக்கே உபதேசியானேன். மாதம் பிறந்தால் கோட்டையிலிருந்து அரிசி மூட்டை என் வீட்டு வாசலில் வந்து இறங்கும். என் மனைவியின் தம்பி வலையோடு இருந்துவிட்டார். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

முகத்துவாரம் ஊருக்குப் பொது. ஏழு வலைக்காரர்கள், ஆளுக்கு ஒரு கிழமை. இந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் சீட்டெடுத்து யாருக்கு எந்தக் கிழமை என்று முடிவு செய்வார்கள். தொடர்ந்து மூன்று முறை வலை இறக்காதவனுக்கு அடுத்த சீட்டு வரை இடமில்லை. மைத்துனர் கோயில் பக்கம் போகாததால் ஊர்ப்பெரியவரே அவருக்காகச் சீட்டெடுத்தார். ஞாயிறு விழுந்தது.

பெரியவர் அவரைக் கூப்பிட்டுச் சிரித்தார். “இன்னாடா, ஒன் சாமி துன்றதுக்கு ஏழு நாளும் வுட்டுட்டு, புடிக்கறதுக்கு மட்டும் ஆறு நாள் வெச்சிக்கீதா?” சிரித்தாலும், சனிக்கிழமைக்காரரிடம் பேசி இடம் மாற்றித்தர ஏற்பாடு செய்தவரும் அவர்தான். “அவன் ஒத்துக்கினான். அம்மன் எதுர்ல வந்து கற்பூரத்த அணச்சி, சத்தியமா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அவ்ளோதான்.”

மைத்துனர் நேராக என்னிடம் வந்தார். “போய்ட்டு வரட்டா மாமா? ஒரு வார்த்ததானாம்.”

கூடாது என்றேன். சிலை முன் நின்று வாங்கும் சோறு உனக்கு வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன். “நீ சொன்னா சரிதான்” என்று போய்விட்டார். கற்பூரம் இல்லாமல் மாற்றித்தரச் சொல்லி நான் பெரியவரைக் கேட்டிருக்கலாம். மைத்துனருக்காகச் சீட்டெடுத்த மனிதர், அதற்கும் சம்மதித்திருப்பார். படித்தவன் போய் அந்தக் கோயில் வாசலில் கேட்டு நிற்பதா என்று இருந்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறும் கழிந்தது. இடம் போயிற்று.

அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. காட்டூர்ப் பக்கத்து உழவர்கள்கூட ஏரியில் இறங்கிச் சேற்றில் கையால் இறால் தடவினார்கள். அவர்கள் நடுவில் மைத்துனரும் குனிந்திருந்ததைப் பார்த்தேன். வலைக்காரன் அந்த வேலைக்கு இறங்குவதை எங்களில் யாரும் கண்டதில்லை. அப்போதும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்தார். வேட்டி மட்டும் இடுப்பில் இன்னொரு சுற்று சுற்றியிருந்தது.

“தம்பி வூட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியல” என்றாள் என் மனைவி. “ரெண்டு படி அரிசி குடுத்துட்டு வரேன்.”

வேண்டாம் என்றேன். நாம் கொடுத்தால் அது நாம் கொடுத்ததாகிவிடும் என்றேன். கோட்டைப் பாதிரியாரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மனிதன் கைபடாமல் கர்த்தரே ஒரு குடும்பத்தைப் போஷித்தார் என்று சொல்ல ஆசைப்பட்டேன். “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்.”

“புள்ளைங்க கீதுங்க” என்றாள்.

அந்த ஒரு வாரத்தை நான் நான்கு முறை சொன்னேன். அவள் நான்கு முறையும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள்.

பிறகு கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போகும் கப்பல் வந்து நின்றது. பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொள்ள வந்தவர்கள் கோட்டை வாசலில் வரிசையாக நின்றார்கள். சொந்தச் சம்மதமா என்று ஒவ்வொருவரையும் தமிழில் கேட்டு, பதிலை ஒல்லாந்து மொழியில் சொல்வது அன்று என் வேலை. வரிசையில் மைத்துனர் வந்தார். பின்னால் மனைவி, இரண்டு பெண்கள். அவரே சொன்னார்: “கேளு மாமா. கேக்க வேண்டியதக் கேளு.”

கேட்டேன்.

“சம்மதம்தான். கப்பல்ல ரெண்டு வேள கஞ்சி ஊத்தறாங்களாம். நீ சொன்ன மாதிரியே கெடச்சிட்ச்சி பாரு.”

குத்திப் பேசுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் உண்மையாகவே நம்பினார். நான் சம்மதம் என்ற ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்த்தேன். பத்திரத்தில் அவர் கீறிய அடையாளத்தின் கீழே சாட்சியாகக் கையெழுத்திட்டேன். அந்தக் கப்பலில் போன யாரும் திரும்பியதாக நான் கேட்கவில்லை.

கர்த்தர் கைவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வேண்டியதை அவர் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அது என் வீட்டு உள்ளறையில் மூட்டையாக இருந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அற்புதத்துக்காகக் காத்திருந்தேன். இதை எத்தனையோ பிரசங்கங்களில் சொல்லியிருக்கலாம். ஒன்றிலும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. சோறு போட்டாள். வழக்கம்போல உணவுக்கு நன்றி சொல்லி ஜெபித்தேன். அவள் ஆமென் சொல்லவில்லை. எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன். அதன்பின் அவள் வாழ்ந்த காலமெல்லாம் என் ஜெபம் முடியும்வரை தலைகுனிந்து இருப்பாள், பிறகு ஆமென் சொல்லாமலே பரிமாறுவாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை. அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. கோட்டை அரிசி இன்றும் வருகிறது. தனியாக உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, ஆமென் என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.