காதோரச் சுருளும் கனடா மெசினும்

போன ஆவணியில், தங்கச்சியின் கல்யாணத்துக்காகக் கனடாவிலிருந்து கொடிகாமத்துக்குப் போயிருந்தேன். எட்டு வருடங்களுக்குப் பிறகு ஊர்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காதோரம் இரண்டு சுருள் விழவேண்டும் என்பது தங்கச்சியின் ஆசை. அதற்காகவே முடி சுருட்டும் மெசின் ஒன்றைப் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுபோனேன். அதை எல்லோரிடமும் காட்டியும் முடித்திருந்தேன்.

கல்யாணக் காலை, அலங்காரம் செய்ய வந்த பிள்ளை தன் மெசினை வெளியே எடுத்தாள். "அதை உள்ளை வையும் பிள்ளை, என்னட்டைக் கனடாச் சாமான் இருக்கு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கிருந்த புளுகத்தில், அந்தப் பெருமைச் சந்தோசத்தில், அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

அவள் என்னுடையதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதிலை நூற்றியிருபது வோல்ட் எண்டு கிடக்கு. இஞ்சை இருநூற்றி முப்பதெல்லோ?"

"அதுக்குத்தானே அடப்டர் வாங்கினனான்."

விமான நிலையத்தில் வாங்கிய அடப்டர் சுவரில் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தினால் சரிதானே என்பது என் கணக்கு.

அவள் வாதாடவில்லை. "ஓமக்கா. தலையிலை வைக்க முதல் இந்தச் சவரிமுடியிலை ஒருக்காச் சுத்திப் பாப்பம்."

சுற்றினேன். சில நொடிகள்கூட ஆகவில்லை. கருகல் மணம், புகை, டப்பென்று ஒரு சத்தம், வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. சவரிமுடியில் பாதி கருகி என் மடியில் விழுந்தது. தங்கச்சியின் கூந்தலைப் பார்த்தேன். அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா ஓடிவந்தா. பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பிள்ளை சொன்னாள்: "ஒண்டுமில்லையம்மா, என்ரை மெசின் பழுதாப்போச்சு. மற்றதாலை செய்யிறன்."

விழுந்த மெயின் சுவிட்சை நிமிர்த்திவிட்டு, தன் மெசினாலேயே இரண்டு சுருளையும் அழகாக விழுத்தினாள். "பழுதான சாமானோடை வந்திருக்கிறா" என்று வாசலில் யாரோ முணுமுணுத்தார்கள். அவளுக்கும் கேட்டிருக்கும். தாலி கட்டும்வரை நான் பேசாமல்தான் இருந்தேன். பிறகு பந்தியில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவளிடத்தில் நான் இருந்திருந்தால், என் தொழிலின் நல்ல பெயரைக் கொடுத்து, சற்று முன் என்னை மட்டந்தட்டியவளின் மானத்தைக் காப்பாற்ற என்னால் முடிந்திருக்குமா என்று இன்றும் என்னையே கேட்கிறேன்; ஓம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.