ராமருக்கு ஒரு ரசமட்டம்

என் கணவர் நரேனுக்கு எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில், குக்கர் விசில் ஒவ்வொரு தடவையும் ஏன் ஒரே மாதிரி கேட்பதில்லை என்று தெரிந்துகொள்ள அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷரோடு காலம் தள்ள வேண்டுமானால் நாமும் வேடிக்கை பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அவர் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவின் காளிகாட்டில். வேலை சால்ட் லேக்கில், வீடு நியூ டவுனில். வங்காளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் கொஞ்சம் தடுக்கும். அதனாலோ என்னவோ, சின்ன வயதிலிருந்து போய்வரும் காளிகாட் பஜனை மடத்தில் பானகம் விநியோகிப்பதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்ததில்லை. நாற்பது தாண்டியும் அங்கே அவர் "அந்தப் பையன்"தான். மடத்துச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் மாமா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. இவர் அதைக் கண்டுகொள்ளாதது போல் இருப்பார். எனக்குத்தான் ஆறாது.

போன வருஷம் சிலிகுரிக்காரர் ஒருவரிடமிருந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வந்தார். மலைப்பாதைக்காக அந்த மனுஷர் உயரமான ஸ்பிரிங்கும் பெரிய டயரும் போட்டு வண்டியையே தூக்கி வைத்திருந்தார். நான் ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டும். தூக்கியதுதான் தூக்கினார், ஒரே சீராகவா தூக்கினார்? பின்பக்கம் நிமிர்ந்து, மூக்கு தாழ்ந்து, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்த மாடு மாதிரி நின்றது வண்டி. பின்பக்கம் ஏன் உயரம் என்று நரேன் டேப் வைத்து அளந்துகொண்டே இருந்தார்.

இந்த வருஷம் ராமநவமிக்கு, வழக்கமாக ராமர் ஊர்வலம் போகும் டெம்போவை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். நரேன் தயங்கித் தயங்கி, "நம்ம வண்டி இருக்கே, மாமா" என்றார். மாமா சரியென்று சொல்லி, வெறும் பீடத்தையும் ஒரு ராமர் படத்தையும் வண்டியில் ஏற்றச் சொல்லி, எட்ட நின்று பார்த்தார். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல்.

"என்னடாப்பா இது? ராமர் கீழ விழுந்த சில்லறையத் தேடறாப்ல இருக்கு. மட்டம் பண்ணிண்டு வா. இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

முதன்முதலாக மடம் இவரிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறது. அதுவும் கை நழுவிப் போனால் ஆயுசுக்கும் பானகம்தான்.

பார்க் சர்க்கஸ் பேட்டையில் ஷௌகத் பாய் என்ற மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனோம். பின்பக்கத்தை இறக்கினால் டயர் உரசும், முன்பக்கத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்றார் அவர். முன் சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் என்று கனமான இரும்பு வளையம் ஒன்றை இருபக்கமும் வைத்து முடுக்கினார். நரேன் வண்டிக்கடியில் தலையை விட்டு ஆயிரம் கேள்வி கேட்டார். பிறகு சக்கரங்களின் அலைன்மென்ட் சரி பார்த்தார்கள். மூக்கு உயர்ந்ததும் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடித்தது, அதையும் தாழ்த்தினார்கள்.

எல்லாம் முடிந்ததும் நரேன், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பையிலிருந்து எடுத்து வண்டியின் பின்தளத்தில் வைத்தார். கண்ணாடிக் குழாயில் குமிழி நட்டநடுவில் நின்றது.

"பாரு சாதனா, ஏக்தம் ஸோஜா, அப்படியே நேரா இருக்கு" என்றார். பிறந்த குழந்தையைக் காட்டுகிற முகம்.

ராமநவமி சாயங்காலம் வண்டி மடத்து வாசலில் நின்றது. பீடம் ஏறியது, விக்கிரகங்கள் ஏறின, கூடை கூடையாகப் பூ ஏறியது. நாகஸ்வரம், தவில்காரர்கள் ஏறினார்கள். சீரியல் விளக்குக்கான ஜெனரேட்டரைக் கடைக்கோடியில் வைத்தார்கள். அர்ச்சகர் ஏறினார். கடைசியாக மாமா வெள்ளிக்குடையோடு ஏறினார். ராமருக்குக் குடை பிடிப்பது எத்தனையோ வருஷமாக அவர் உரிமை. ஒவ்வொன்றாக ஏற ஏற வண்டியின் பின்பக்கம் அமுங்கிக்கொண்டே போனது.

மாமா ராமரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு பூமியப் பாத்தார். இன்னிக்கு ஆகாசத்தப் பாக்கறார்."

கூட்டம் சிரித்தது. யாரோ வேறு டெம்போவுக்கு போன் போட ஆரம்பித்தார்கள். நரேன் தலை குனிந்து நிற்பார் என்று பார்த்தால், மனுஷர் ரசமட்டத்தோடு வண்டியில் ஏறி, குமிழி முன்பக்கம் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"காலி வண்டிக்கு மட்டம் பாத்திருக்கேன், மாமா. பாரம் ஏத்தினா சமமாகட்டும்னுதான் பின்பக்கம் உசரமா வெச்சிருக்கா. இத்தனை நாளா இதுதான் எனக்குப் புரியல."

தப்புச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஒரு பத்து நிமிஷம் குடுங்கோ" என்றவர் வேலையில் இறங்கினார். ஜெனரேட்டர் ஒரு சைக்கிள் வேனுக்கு மாறியது. வாத்தியக்காரர்கள் நடந்து வர ஒப்புக்கொண்டார்கள். பீடத்தை நாலு பேர் பிடித்து டிரைவர் கேபினை ஒட்டி நகர்த்தினார்கள். குமிழி நகர்ந்தது, ஆனால் நடுவுக்கு வரவில்லை. நரேன் வண்டியில் மிச்சமிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"மாமா, உங்க வெயிட் என்ன?"

அந்த மடத்தில் அவரிடம் யாரும் கேட்டிராத கேள்வி.

"எதுக்கு?"

"நீங்க முன்சீட்டுக்குப் போனா சரியாயிடும். போர்ட்ல ஜீப் ஓட்டினேள் இல்லையா? நீங்களே ஓட்டுங்கோ."

"அப்போ குடை?"

நரேன் முழித்தார். அவர் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு அப்போது உலகத்தில் குமிழி ஒன்றுதான் இருந்தது. மாமா அவரைப் பார்த்தார். அப்புறம் ராமரைப் பார்த்தார். குடையை நரேன் கையில் கொடுத்துவிட்டு, "சாவியக் குடு" என்றார்.

என் முக்காலியைப் போட்டு, இரண்டு பேர் கீழிருந்து தாங்கி அவரை டிரைவர் சீட்டில் ஏற்றினோம். வண்டி மெல்ல நகர்ந்தது. தெருவில் கேபிள் ஒயர் குறுக்கிடும்போதெல்லாம் நரேன் குடையைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மெட்ரோ ஸ்டேஷன் திருப்பத்தில் மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நரேன், ராமர் எப்படிடா இருக்கார்?"

பீடத்தடியில் வைத்திருந்த ரசமட்டத்தை நரேன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நேரா இருக்கார், மாமா."