முறைத்தண்ணீர்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தோம்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்கும் பெரியப்பா தோட்டத்துக்கும் ஒரே கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. உன் முறையில் கரண்ட் போனால் அது உன் தலையெழுத்து, மறுநாள் உரிமை கொண்டாட முடியாது. அந்தக் கோடையில் எங்கள் முறை வந்த நாளெல்லாம் கரண்ட் போனது. செடி கருகுவதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல், பெரியப்பா முறையன்று காலையில் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார்.

பெரியப்பா பேச்சுக்கே வரவில்லை. மடை திறக்கக் குனிந்த அப்பாவின் கையில் மண்வெட்டியை இறக்கினார். இரண்டு விரல்கள் வாய்க்காலில் விழுந்தன. அப்பா அலறிக்கொண்டிருக்கும்போதே மடையைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொந்தபந்தம் கூடி, கேஸ் வேண்டாம் என்றது. பெரியப்பா மகன்களோ அடுத்தது கழுத்து என்றார்கள். கிடைத்ததை வாரிக்கொண்டு திண்டுக்கல் வந்தோம்.

பேகம்பூர் பக்கம் ஒரு லைன் வீடு. அப்பா ஒரு குடோனில் வாட்ச்மேன். ஆறு குடும்பத்துக்கும் ஒரே குழாய், என்றைக்காவதுதான் தண்ணீர் வரும். வெறுங்குடத்தை வரிசையில் வைத்தால் இடம் பிடித்த மாதிரி. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தார். அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடத்தைத் தூக்கி அவர் மண்டையில் போட்டாள். அவர் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. அம்மா அதே குடத்தைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தாள். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அக்காவுக்குத் தையல் போட்டார்கள். வீட்டு ஓனர் அன்று மாலைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கோபம் வடிந்து அழுதுகொண்டிருந்த அம்மா, "ஊருக்கே போயிருவமா?" என்றாள்.

அப்பா மூன்று விரல் கையால் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். "அங்க போனா அண்ணன் வெட்டுவாரு. இங்க இருந்தா நீ அடிப்ப. எங்கிட்டுத்தான் போறது, சொல்லு."

இப்போது எனக்கும் குடும்பம் இருக்கிறது. வீடு பார்க்கப் போனால், குழாய் தனியா பொதுவா என்றுதான் முதலில் கேட்கிறேன். பொது என்றால் திரும்பி வந்துவிடுவேன். என் உடம்பில் ஓடுவதும் அந்த ரத்தம்தானே.