அவர் விட்ட இடமும் நான் விட்ட வரியும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கம் தருவதையும் விடமாட்டேன். மஞ்சுளா அக்காவைப் பற்றி எழுதும்போது எதையாவது தாண்டிப் போனால், அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இன்னும் எனக்கு இருக்கிறது.

செய்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. அம்மா என் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தார். "மஞ்சுளா போயிட்டாங்களாம்" என்றார்.

"எங்க?" என்று கேட்டேன்.

அம்மா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. 'இனி அக்கா என்னை நம்பவே மாட்டார்' என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய், வியாழன், சனி மாலை ஷிப்டில் டயாலிசிஸுக்கு வரும் உங்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அல்சூர் பக்கத்து ஜோகுபாளையத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். வயது நாற்பத்தேழு. ஆன்ட்டி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் சட்டையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. சிறுநீரகம் கெட்டு வேலை நின்ற பிறகும் அந்த ஸ்டிக்கர் தாள் அவர் பர்சிலேயே இருந்தது. டெக்னீஷியன் நாகராஜ் அண்ணாவின் சட்டைப் பையில் தையல் பிரிந்திருந்த அன்று, ஊசி போட அவர் குனிந்தபோது அக்கா அங்கே ஒரு அம்பை ஒட்டிவிட்டார். அண்ணா சாயங்காலம் முழுக்க அதோடு நடந்தார்.

என் அம்மா அந்த டயாலிசிஸ் சென்டரின் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறார். நான் பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அங்கே போய், அம்மாவின் வேலை முடியும்வரை உட்கார்ந்து படிப்பேன். கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் இருந்தபோது அம்மா வாங்கிய நவீன கவிதை, சிறுகதைத் தொகுப்பு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். பாதி எனக்குப் புரியாது. புரியாததைப் படிக்கிறேன் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஏ புக்கு, அதுல அப்படி என்னதான் இருக்கு? சத்தமாப் படி, நானும் கேக்கறேன்" என்று அக்கா ஒருநாள் நாலாம் நம்பர் நாற்காலியிலிருந்து கூப்பிட்டார்.

அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளியில் படித்தது கன்னடம். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் இருக்க வேண்டியவருக்குப் பொழுதும் போக வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கவிதை படித்தேன். பூட்டிய வீட்டுக்குள் டெலிபோன் மணி அடிக்கிறது, தெருவில் போகிறவர் ஒருவர் நின்று கேட்கிறார், அவ்வளவுதான்.

"யாரு போன் பண்றாங்க?" என்றார் அக்கா.

"தெரியாதுக்கா."

"எழுதினவருக்கு?"

"அவரும் சொல்லலை."

பக்கத்து நாற்காலியில் தாஸ் அண்ணன் இருந்தார். அல்சூரில் ஆட்டோ ஓட்டியவர். "ராங் நம்பரா இருக்கும், விடும்மா" என்றார். அக்கா சிரிக்கவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னார். நான்கு முறை படித்தேன். பிறகு, "அது அவர் விட்ட இடம். நல்லா விட்டிருக்கார்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிசைனுக்காக விட்ட தையலும் கை தவறி விட்ட தையலும் ஒண்ணா இருக்குமா? தடவினாலே தெரியும். அடுத்தது."

அந்த 'அடுத்தது' பாராட்டு என்று பிறகுதான் தெரிந்தது. "சரியா இருக்கிற சட்டையைப் பத்தி செக்கர் பேசமாட்டா. அடுத்ததை எடுப்பா" என்பார். பள்ளியில் கவிதையின் மையக்கருத்து என்ன என்று கேட்பார்கள், நான் ஐந்து வரி எழுதுவேன். அக்கா அப்படிக் கேட்டதில்லை. வரி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். நான் உண்மையாகப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் போல அப்படிப் போனது. பிறகு நான் ஒரு தப்புச் செய்தேன். ஆஸ்பத்திரி வார்டில் நடக்கும் ஒரு கதை. பக்கத்துப் படுக்கைக்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருப்பார். ஒரு காலையில் அந்தப் படுக்கையில் புது விரிப்பு போட்டிருக்கும். அந்தப் பத்தி வருவது எனக்கு முன்பே தெரியும். சுற்றிலும் எட்டு நாற்காலிகளில் எட்டுப் பேர். நான் அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

"ஆரஞ்சு உரிச்சவன் எங்க?" என்றார் அக்கா.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டார்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தார். "ரெண்டு நிமிஷத்துப் பக்கத்தை அரை நிமிஷத்துல திருப்பிட்டே. கொண்டா இங்க." வலது கையால் பக்கத்தைப் பின்னால் திருப்பி, ஓரத்தில் ஒரு அம்பை ஒட்டினார். "எனக்குப் பாவம் பார்த்துப் படிக்கிறதுன்னா நீ படிக்கவே வேணாம், புக்கு. இங்க யாரு டிஸ்சார்ஜ் ஆறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பத்தியைப் படித்தேன். முடித்ததும் "அடுத்தது" என்றார். ஆனால் அன்றிலிருந்து நான் படிக்கும்போது அவர் கண் என் விரல்மேலேயே இருந்தது.

கடைசிக் கதைக்கு வருகிறேன். போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. கதையில் ஒரு தம்பி அக்கா வீட்டுக்கு வருகிறான். அவர்களுடைய தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தம்பி காப்பி குடிக்கிறான். தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுகிறான். தாயைப் பற்றி இருவரும் எதுவும் சொல்வதில்லை. கடைசியில், 'புறப்படும்போது அவன் செருப்பைத் தேடினான். அக்கா அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்' என்று முடிகிறது. கீழே வெற்றுத் தாள்.

மஞ்சுளா அக்கா காத்திருந்தார். "ம், மேல."

"அவ்வளவுதான்."

"காலை ஏன் பாக்கறா?"

"புதுக் கதைன்னா அப்படித்தான்க்கா. முடிவை நாமதான் யோசிச்சுக்கணும்."

"நான் முடிவைக் கேக்கலை. செருப்பைத் தேடறான், சரி. எங்க விட்டான்? உள்ள வரும்போது கழட்டினதாவே நீ படிக்கலையே. நடுவுல ஒண்ணு போயிருக்கு."

"இல்லை. எல்லாம் படிச்சேன்."

"அந்தம்மா செத்துட்டாங்களா?"

"கதையில சொல்லலை."

"அவர் சொல்லலையா, நீ சொல்லலையா? அவர் விட்ட இடமா, நீ விட்ட இடமா, புக்கு?"

"அவர் விட்ட இடம். சத்தியமா."

"மறுபடியும் ஆஸ்பத்திரிக் கதை. மறுபடியும் ஓட்டை" என்று தாஸ் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அவர், "சின்னப் பொண்ணு, விடும்மா" என்றார். எனக்கு முகம் சுட்டது. ஒருமுறை பொய் சொன்னதால் இனி எப்போதும் பொய்க்காரியா என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"நம்பிக்கை இல்லைன்னா நீங்களே படிச்சுக்கோங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்சா."

இதைத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன்.

அந்த நேரத்தில் அக்காவின் மெஷின் கத்தத் தொடங்கியது. பிரஷர் இறங்கியிருந்தது. நாகராஜ் அண்ணா ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்தார். "ஸ்வல்ப ஆச்செ ஹோகம்மா" என்று கன்னடத்தில் சொல்லிக் கதவைக் காட்டினார். புத்தகத்தை அக்காவின் போர்வைமேல் போட்டுவிட்டு வெளியே போனேன். இப்படிப் பிரஷர் இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று அண்ணா பிறகு அம்மாவிடம் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் உள்ளே போகவில்லை. அம்மாவின் மேஜை ஓரத்தில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவு வழியாக நாலாம் நாற்காலி தெரியும். ஐந்து மணி இருக்கும், அக்கா என் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். கையில் என் புத்தகம். அதன் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அம்பு. இன்னொரு குற்றச்சாட்டு என்று நினைத்தேன். பார்க்காதது போலக் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோதும் கை கீழே இறங்கியிருக்கவில்லை. மூன்றாவது முறை பார்த்தபோது இறங்கியிருந்தது.

புதன்கிழமை இரவு வீட்டில் அவருக்கு மூச்சுத் திணறியது. வியாழன் காலை அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது.

அன்று மாலை நாலாம் நாற்காலியில் யாருமில்லை. தாஸ் அண்ணன் தலையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். புத்தகம் அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

"உன்கிட்ட குடுக்கச் சொல்லிச்சு" என்றார். "செவ்வாக்கிழமை வந்ததும் வராததுமா புக்கை என்கிட்ட நீட்டி, 'அண்ணே, நீதான் பேப்பர் படிக்கறியே, இதைப் படி'ன்னுச்சு. ஊசி குத்தினது போக எனக்கு ஒரு கைதான். கண்ணாடி வேற கொண்டாரலை. எழுத்தெழுத்தாப் படிச்சேன். தம்பிக்காரன் வாசலுக்கு வர்ற இடம் வந்ததும் நிறுத்துன்னுச்சு."

நான் அம்பு இருந்த பக்கத்தைத் திறந்தேன். அது கடைசிப் பக்கம் அல்ல, முதல் பக்கம். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள், இரண்டும் 'வாசலில்' என்று தொடங்குகின்றன. 'வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன.' அதை நான் படித்திருந்தேன். அடுத்தது: 'வாசலில் கிடந்த செருப்புகளில் அவனுடையது இல்லை. அவன் அதை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே விட்டு வந்திருந்தான்.'

அம்பு அந்த வரியைக் காட்டியது.

அதை நான் படிக்கவே இல்லை. அன்று மட்டுமல்ல, அதற்கு முன் வீட்டில் இரண்டு முறை படித்தபோதும் கவனித்ததில்லை. தாய் போன அதிர்ச்சியில் செருப்பைக்கூட மறந்து வெறுங்காலோடு வந்திருக்கிறான். கடைசி வரியில் அக்காக்காரி அவன் கால்களைப் பார்க்கிறாள், அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கதை எதையும் மறைக்கவில்லை. மரணம் முதல் பக்கத்திலேயே, வாசலிலேயே இருந்தது. என் கண் அதைத் தாண்டிப் போனது. அந்த ஓட்டைக்கு 'புதுக் கதைன்னா அப்படித்தான்' என்று நான் பெயர் வைத்தேன்.

"அக்கா திட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் திட்டும்? சிரிச்சுது. 'பாத்தியாண்ணே, ரெண்டு வரி ஒரே மாதிரி ஆரம்பிக்குது, புள்ளைக்குக் கண்ணு வழுக்கிடுச்சு. அது பொய் சொல்லலை'ன்னுச்சு. உடனே உன்னைக் கூப்பிடக் கையைத் தூக்கிச்சு." தாஸ் அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ படிச்சிட்டிருந்தே போல, பாக்கலை."

"பார்த்தேன் அண்ணா" என்றேன்.



அக்கா என்னை நம்பினார். ஆனால் தப்பு என்னுடையது என்று அவரிடம் ஒத்துக்கொள்ள முடியாமல் போனது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதையைத் தப்பாகக் கேட்டவர்கள் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். சனிக்கிழமை அம்மாவிடம் அனுமதி கேட்டு, ஷிப்ட் முடியும் நேரத்தில் நாலாம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். "போன வாரம் நான் படிச்ச கதையில ஒரு வரி விட்டுப்போச்சு. நான் விட்டது. திரும்பப் படிக்கிறேன்" என்றேன். ஒவ்வொரு வரிக்குக் கீழும் விரல் வைத்து, குடங்களையும் செருப்புகளையும் தாண்டாமல் படித்தேன்.

அக்காவின் பர்சிலிருந்த ஸ்டிக்கர் தாளை அவர் தங்கை எனக்குக் கொடுத்திருக்கிறார். அதில் பதினோரு அம்புகள் மீதி இருக்கின்றன. அவற்றை வேறு யாருடைய எழுத்திலும் ஒட்டப்போவதில்லை. ஒரு கவிதை புரியாமல் போகும்போதும், ஒரு கதை திடீரென்று நின்றுவிடும்போதும் அவர் கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்: அவர் விட்ட இடமா, நீ விட்ட இடமா? பதில் தெரியும்வரை பக்கத்தைத் திருப்புவதில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்.

அந்தச் சனிக்கிழமை கடைசி வரியைப் படித்துவிட்டு, பழக்கத்தில் அப்படியே நின்றேன், 'அடுத்தது' என்ற சொல்லுக்காக. யாரும் சொல்லவில்லை. தாஸ் அண்ணன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன, எல்லோரும் மெதுவாக எழுந்து போனார்கள். நான் புத்தகத்தைப் பையில் வைத்த பிறகு நாகராஜ் அண்ணா விளக்குகளை அணைத்தார்.