பிரிவால் வாடும் அடைக்கலமேரி

எழுத்தாளர் கீழூர் சந்தானம் செத்துப்போனதை ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அடைக்கலமேரிக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில் ஏழாம் பக்கம், நாலே வரி. பதினைந்து வயதில் வாடகை நூலகத்தில் எடுத்த முதல் நாவல் அவருடையது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எடைமேடை வேலைக்கு வந்த பிறகும், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே அவள் படித்ததெல்லாம் அவரைத்தான்.

அவள் குடியிருக்கும் ராயபுரத்தில் ஓர் உயிர் போனால் தெருமுனையில் பேனர் வைக்காமல் விடுவார்களா? போன வருடம் தெருநாய்க்குக்கூட வைத்தார்கள். இவருக்கு மட்டும் என்ன குறை?

பழைய நாவலின் பின்னட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனாள். முப்பது வயது முகம், அடர்ந்த மீசை, கொஞ்சம் திமிரான பார்வை.

"கண்ணீர் அஞ்சலின்னு மேல போட்டுர்றேன். கீழ இன்னா போடணும்கா?" என்றான் கடைக்கார அஃப்ரித்.

"பிரிவால் வாடும் அடைக்கலமேரி. அவ்ளோதான்."

எழுத்தாளர் என்று போட அவளுக்குத் தோன்றவே இல்லை. தனக்கு அத்தனை நெருங்கிய மனிதரை யாரென்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மறுநாள் காலை பேனர் ஏறியது. துக்க வீட்டில் அடுப்பு எரியாதே என்று பக்கத்து வீட்டு ஜானட் தூக்குவாளியில் டீயோடு வந்தாள். பின்னாலேயே செபமாலையோடு நாலைந்து பெண்கள். கண்ணில் ஈரம் கொஞ்சம், ஆவல் நிறைய.

"சின்ன வயசு, பாவம். சொந்தமா மேரி?"

"இல்லக்கா."

"கூட வேல செஞ்சவரா?"

"நேர்ல பாத்ததே இல்ல. கத எழுதறவரு."

ஜானட் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். பார்க்காத ஆளுக்கு எவளாவது பேனர் வைப்பாளா? ஒருத்தியும் நம்பவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அந்த மீசைக்காரன் சங்கதி துறைமுக கேட்டைத் தாண்டி, கிரேன் ஓட்டும் மேரியின் புருஷன் இக்னேஷியஸ் காதுக்குப் போய்விட்டது.

இக்னேஷியஸ் எதையும் கேட்கிற ஆள் அல்ல. சோறு ஆச்சா, சட்டை எங்கே, இருபத்தேழு வருடத்தில் இதற்கு மேல் அவளிடம் கேட்டதில்லை. மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தவன் பேனர் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஆனால் ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

"யாரு மேரி அவன்?"

அவன் சிரித்துவிட்டால் அவளால் தாங்க முடியாது. கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். பெட்டி நிறைய நாவல்கள்.

"பொஸ்தகம் எழுதறவன் செத்தா உனக்கு இன்னா?"

"நீ ஷிப்டுக்குப் போய்டுவ. வந்தா தூங்கிடுவ. இத்தினி வருசமா என்னாண்ட பேசிகினு இருந்தது அவரு ஒருத்தர்தான்யா."

பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் சொல்லாதது அது. சொன்ன பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, விட்டு அழுதாள். ஜானட் தலையைக் குனிந்துகொண்டாள்.

இக்னேஷியஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான்.

"இன்னா பேசுவாரு?" என்று கேட்டான்.