பிரிச்சுப்பாரு அக்கா

கட்டிய பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டுகிறார் அக்கா. தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, குடை, நீலக் கோப்பை எல்லாம் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி அடுக்குகிறார். வீட்டுக்குக் கிளம்பும்போது தினமும் நடக்கிற கூத்து இது. "கட்டினதைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் கட்டினதா அர்த்தம்" என்பார். அலுவலகத்தில் 'பிரிச்சுப்பாரு அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கோப்பையை ஏன் தினமும் சுமக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். "நாளைக்கு வர வேண்டாம்னுட்டா, ஒரு கப்புக்காகத் திரும்பி வந்து நிக்கணுமா?" பிள்ளைகளுக்காக வேலையை விட்டு, பல வருடம் கழித்துத் திரும்பியவர். இன்னும் சோதனைக் காலம்தான். "பிடிக்கலைன்னா விட்டுடு" என்று கணவர் தாராளமாகச் சொல்கிறார். அக்காவுக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் பயமே.

முதன்முதலாகத் தனியே ஒரு வேலை கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டர்களின் திரைக்குக் கொண்டுபோகும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய புராஜெக்டில், லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல் ஒன்றைப் பொருத்த வேண்டும். அது ஒரு பக்கம் தகவலைச் சுருக்கிப் பொட்டலமாகக் கட்டும். மறுபக்கம் பிரித்துக் கொடுக்கும். அக்காவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

காலையிலேயே இன்ஸ்டால் செய்து ஓட்டிவிட்டார். மாதிரிக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அனுப்பிய பொட்டலங்கள் ஒழுங்காக வந்தன. டீம் லீட் எட்டிப் பார்த்தார். வயதில் சின்னவர், அவசரத்தில் பெரியவர். "அதான் ஓடுதேக்கா! சர்வர்ல ஏத்திடலாம். இதுல போய் என்னத்தைப் பிரிச்சுப் பார்க்கறது?"

"இருங்க தம்பி, நிஜச் சரக்கை ஒரு தடவை கட்டிப் பார்த்துடறேன்." பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, ரத்தக் குப்பியில் ஒட்டுகிற எண் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ரயில் வண்டி மாதிரி நீளமான எண். கட்டினார், அனுப்பினார், பிரித்தார். ஏழில் முடிந்த எண் எட்டில் முடிந்து வந்து நின்றது.

அக்கா லீடைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எட்டில் முடிகிற குப்பி வேறு யாருடையதோ. "ஐயோ தம்பி, ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தர் பேர்ல போயிருக்குமே!" எண் அளவுக்கு மீறி நீண்டால் ஜாவாஸ்கிரிப்ட் கடைசி இலக்கத்தைக் குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளும். பொருத்துகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் அது. எண்ணை எழுத்தாகவே எடு என்று செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தார். மறுபடி கட்டி, மறுபடி பிரித்தார். ஏழு ஏழாகவே வந்தது. உலகத்திலேயே அழகான எண் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

லீட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானா இருந்தா காலையிலேயே ஏத்தியிருப்பேன்க்கா." போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த மாசம் இன்னொரு லேப் வருது. அதையும் நீங்களே பாருங்க."

சாயங்காலம் அக்கா பையைக் கட்டினார். வழக்கம்போல் கவிழ்த்துக் கொட்டினார். பாட்டில், டப்பா, கண்ணாடிக் கூடு, குடை மறுபடி உள்ளே போயின. கோப்பையை மட்டும் கழுவித் துடைத்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.