கரண்ட் போனதும் மறந்த கருவி

நன்னிலத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நௌஷாதைக் கெட்டிக்காரர் என்பார்கள். கவனமானவர் என்று மட்டும் நான் சொல்வேன். துபாயில் சில வருடம் இருந்து திரும்பியவர். சோதித்துப் பார்க்காமல் எந்த வேலையையும் ஒப்படைக்கமாட்டார். நெல் கொள்முதல் நிலையத்துக் கணினியையும் அப்படித்தான் ஒப்படைத்தார்.

அது மெதுவாகிவிட்டதென்று டிஸ்க்கை முழுக்க அழித்துப் புதிதாக லினக்ஸ் ஏற்றினார். விவசாயிகள் விரல் வைக்கும் கைரேகைக் கருவி தனி ப்ளக்கில் இருந்தது. கணினியை ரீஸ்டார்ட் செய்து பார்த்தார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியாகக் கிளம்பினார்.

மறுநாள் மதியம் கரண்ட் போய் வந்தது. அதன்பின் கருவி விழிக்கவில்லை.

வெளியே களத்தில் விவசாயி வீரையனின் குறுவை நெல் குவிந்து கிடந்தது. கிழக்கே வானம் கறுத்திருந்தது. ரேகை பதிந்தால்தான் எடை. எடை போட்டால்தான் நெல் கொட்டகைக்குள் போகும்.

கூப்பிட்டதும் வந்த நௌஷாத் திரையைப் பார்த்தார். லினக்ஸின் மையமான கெர்னல், கருவிக்கு ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடிவிட்டு, இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கருவிக்கென்று நிலையான நினைவு இல்லை. மின்சாரம் வரும்போதெல்லாம் அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அந்தக் கோப்பைக் கெர்னல்தான் அதற்குள் ஏற்ற வேண்டும். நேற்று எரிந்த விளக்கு, அழிப்பதற்கு முன் ஏற்றியிருந்ததன் மிச்சம்; தனி ப்ளக்கில் இருந்ததால் ரீஸ்டார்ட்டில் அது அழியவில்லை. கோப்பு டிஸ்க்கோடு போய்விட்டது. கருவியைச் செய்த கம்பெனியும் மூடியாயிற்று. இணையத்தில் தேடினார், கிடைக்கவில்லை.

“என்ன பாய், மெஷின் நோன்பு வச்சிருச்சா?” என்றார் வாசலில் நின்ற வீரையன்.

“ஒரு ஃபைல் இல்லைங்கண்ணே. இருந்தா அஞ்சு நிமிஷ வேலை.”

“எங்க இருக்குன்னு சொல்லுங்க, ஆள அனுப்புறேன்.”

“எங்கயும் இல்லைங்க.”

“நேத்து ஓடுச்சே!”

“அது ஓடுனதாலதாங்க நான் நம்பிட்டேன்.”

வீரையன் நிலைய எழுத்தர் ஜெயபாரதியைப் பார்த்தார். “ரேகை இல்லாம பில்லே வராதுங்கண்ணே. என் கையிலயா இருக்கு?” என்றார் எழுத்தர்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதித்திருக்க வேண்டும். ஆனால் ஓடுகிற கருவியின் ப்ளக்கை யார் பிடுங்குவார்?

தகரக் கூரையில் துளிகள் விழுந்தன.

“அத விடுங்க பாய், இந்த மூலையப் புடிங்க!”

வீரையன் நீட்டிய தார்ப்பாயை இழுத்துக் குவியலை மூடி, ஆளுக்கொரு பக்கம் மிதித்துக்கொண்டு நின்றார்கள். மழை வலுத்தது. களத்துச் சரிவில் ஓடிவந்த தண்ணீர் நெல்லுக்கு அடியில் நுழைந்தது.

“அடியில போவுதுங்கண்ணே.”

“தெரியுது.”

காலை எடுத்தால் தார்ப்பாய் பறந்துவிடும். இருவரும் அப்படியே நின்றார்கள்.